அப்பாவின் பழைய ஜீப்: சாலைக்கு ஆகாத வண்டியைக் கொல்லை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

1. கோட்டைக்கொல்லை (ஜெயநகர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். நான் ஜெயநகரில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் தேன்கனிக்கோட்டையை அடுத்த ஒரு சிற்றூர். அங்கே எங்களுக்கு ஆறு ஏக்கர் கொல்லை இருக்கிறது. கேழ்வரகும் ஊடுபயிராக அவரையும் துவரையும் போடுகிறோம். கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரில் மட்டும் தக்காளி. சித்தப்பா மேற்பார்வை பார்க்கிறார், ஒரு குடும்பம் அங்கேயே தங்கி வேலை செய்கிறது, நான் வாரக்கடைசியில் போய்வருகிறேன்.

அப்பா 1996இல் பெங்களூரில் புதிதாக வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் ஒன்று வீட்டு ஷெட்டில் நிற்கிறது. பதினைந்து ஆண்டுப் பதிவு 2011இல் முடிந்தபோதும், பிறகு 2016இலும் அப்பாவே புதுப்பித்தார். 2021இல் அப்பா காலமானார். அதே ஆண்டில் பதிவும் காலாவதியானது. அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. போன மாதம் புதிய பேட்டரி போட்டுப் பார்த்தேன், எஞ்சின் இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, ஒரு முகப்பு விளக்கு எரியவில்லை, பிரேக்கை இருமுறை மிதித்தால்தான் பிடிக்கிறது.

காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார், எனக்கு மனம் வரவில்லை. எருவும் தக்காளிக் கூடைகளும் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களும் இப்போது தலைச்சுமையாகத்தான் மேட்டுக்கொல்லைக்குப் போகின்றன. அந்த வேலையை இந்த ஜீப் எளிதாகச் செய்யும். சொந்த நிலத்துக்குள் மட்டுமே ஓட்டப்போகும் வண்டிக்குப் பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் தேவையா? இந்த நிலையில் இருக்கும் வண்டியை வேலைக்கு விடுவது முறையா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

2. மல்பெரிக்காரன் (கனகபுரா)

தம்பி, தாராளமாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். எங்கள் மல்பெரித் தோட்டத்தில் 1988ஆம் ஆண்டு டெம்போ ஒன்று ஒன்பது ஆண்டுகளாக இலை சுமக்கிறது. நம்பர் பலகைகூடக் கழன்று விழுந்துவிட்டது. நம் நிலத்துக்குள் நாம் எதை ஓட்டினாலும் கேட்க ஆள் கிடையாது, சட்டமும் சாலைக்குத்தான். பட்டுப்புழுவுக்கு இலை வாடாமல் போய்ச்சேர வேண்டும் என்பதால், அந்த டெம்போ இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு ஆள் கூடுதலாக வைத்திருக்க வேண்டியிருக்கும்.

3. அல்சூர் வழக்கறிஞர்

கனகபுரா அண்ணா சொன்னதைப் பலரும் நம்புகிறார்கள். அதில் பாதி சரி. மற்றப் பாதி ஆபத்தானது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, எல்லாக் கடமைகளையும் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை. ஓட்டுநர் உரிமம் பற்றிய பிரிவு 3, உரிமம் இல்லாமல் "பொது இடத்தில்" ஓட்டக்கூடாது என்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு பற்றிய பிரிவு 146ம் பொது இடத்தில் பயன்படுத்துவதைத்தான் பேசுகிறது. பொது இடம் எது என்பதைப் பிரிவு 2(34) விளக்குகிறது: பொதுமக்கள் சென்றுவர உரிமை உள்ள சாலை, தெரு, வழி, வேறு இடம் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே வேலி போட்ட உங்கள் கொல்லைக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டு பிரிவுகளும் நேரடியாகப் பொருந்துவதில்லை.

பதிவு பற்றிய பிரிவு 39 அப்படியல்ல. பதிவு செய்யப்படாத வண்டியைப் "பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ" ஓட்டவும் கூடாது, உரிமையாளர் ஓட்ட அனுமதிக்கவும் கூடாது என்பது அதன் வாசகம். "வேறு எந்த இடத்திலோ" என்ற அந்தச் சொற்களைத்தான் நம்மவர்கள் படிப்பதில்லை. பதிவு ரத்தான வண்டிக்கும் இதே தடைதான். "என் நிலம்தானே" என்ற பதில் உரிமத்துக்கும் காப்பீட்டுக்கும் செல்லுபடியாகலாம், பதிவுக்குச் செல்லாது.

விதிவிலக்கு ஒன்று இருப்பது உண்மை. பிரிவு 2(28)இல் மோட்டார் வாகனம் என்பதற்கான விளக்கத்திலிருந்து, தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைப்பு வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுத்துவதற்கென அமைந்த சிறப்பு வகை வண்டிகள் விலக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் சாலையில் ஓடுவதற்காகவே தயாரிக்கப்பட்டு, சாலைக்கென்றே பதிவாகி, இருபத்தைந்து ஆண்டுகள் சாலையில் ஓடிய ஜீப்பைக் கொல்லைக்குள் நிறுத்திவிட்டதாலேயே அது சிறப்பு வகை வண்டியாகிவிடாது.

வரி மூன்றாவது வகை. 2025 ஆகஸ்ட் 29 அன்று, விசாகப்பட்டினம் உருக்காலையின் அடைப்பு வளாகத்துக்குள் மட்டுமே ஓடிய சரக்கு வண்டிகள் பற்றிய வழக்கில், பொது இடத்தில் பயன்படாத காலத்துக்கு அந்த வண்டிகளுக்கு மோட்டார் வாகன வரி விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலை போன்ற பொது வசதியைப் பயன்படுத்துவதற்கு ஈடாகச் செலுத்துவதே இந்த வரி என்பது தீர்ப்பின் அடிப்படை. அது ஆந்திர மாநிலச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. பேசியதும் வரியைப் பற்றி மட்டுமே. அந்தத் தீர்ப்பைக் காட்டி "பதிவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்ப வேண்டாம்.

உங்கள் வண்டிக்கென்று மேலும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, பதிவுச் சான்று இன்னும் தந்தையார் பெயரில் இருக்கிறது. வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும், மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும். இரண்டாவது, இது கர்நாடகப் பதிவு, கொல்லையோ தமிழ்நாட்டில் இருக்கிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் பிரிவு 47இன்படி அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு இங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். நம் பக்கத்தில் பெங்களூரிலிருந்து ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், மாநில எல்லை ஒன்று நடுவில் இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

4. கோட்டைக்கொல்லை

ஐயா, இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. நான் முதலில் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று இப்போது முக்கியமாகத் தெரிகிறது. எங்கள் ஆறு ஏக்கர் ஒரே துண்டாக இல்லை. கிணற்றுக்கொல்லைக்கும் மேட்டுக்கொல்லைக்கும் நடுவே பஞ்சாயத்துத் தார்ச்சாலை போகிறது. ஒரு வாயிலிலிருந்து மற்ற வாயிலுக்குச் சாலையோரமாக ஏறத்தாழ இருநூறு மீட்டர் ஓட்டியாக வேண்டும். காலையும் மாலையும் பள்ளிப்பிள்ளைகள் நடந்து போகிற சாலை அது. இதையும் "நிலத்துக்குள்" என்று கொள்ள முடியுமா?

5. அல்சூர் வழக்கறிஞர்

முடியாது. அந்த இருநூறு மீட்டரில் உரிமம், காப்பீடு, பதிவு, புகைச்சான்று எல்லாமே தேவை. காப்பீடில்லாமல் ஓட்டினால் பிரிவு 196இன்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அபராதம் இங்கே சிறிய விஷயம். பிள்ளை ஒன்றின் மீது வண்டி ஏறிவிட்டால், காப்பீடு இல்லாத நிலையில் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். அந்த ஆறு ஏக்கரையும் விற்றாலும் போதாமல் போகலாம்.

6. ஜே.சி. ரோடு பட்டறை

வணக்கம். ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலுமாக முப்பத்திரண்டு ஆண்டுகள் ஜீப் வேலை மட்டுமே பார்த்தவன். எம்.எம். 540 என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நல்ல செய்தி. இந்த வண்டியின் பெஷோ வகை 2,112 சி.சி. டீசல் எஞ்சினில் கணினி கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்டார்ட் ஆன பிறகு ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை, அணைப்பதற்கும் பல வண்டிகளில் கேபிள்தான். நான்கு சக்கர இழுப்பும் லோ கியரும் இருப்பதால், உழுத ஈர மண்ணில் அரை டன் எருவை அலட்டாமல் இழுக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இலேயே வில்லிஸ் நிறுவனம் ஜீப்பை விவசாயிக்கான வண்டி என்று சொல்லி, கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு பொருத்தும் வசதியோடு விற்றது. கொல்லை வேலை இந்தச் சாதிக்குப் புதிதல்ல. ஆனால் சுமக்கவும் இழுக்கவும் மட்டும் வையுங்கள். ஏர் கட்டி உழ வேண்டாம். டிராக்டரின் எடையும் சக்கர உயரமும் இதற்குக் கிடையாது. உழ விட்டால் கிளட்ச் தட்டு ஒரே பருவத்தில் கருகிவிடும்.

இனி கவலையான செய்தி. "இருமுறை மிதித்தால் பிரேக் பிடிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இந்த வண்டியை இன்றைக்கே கல் முட்டுக் கொடுத்து நிறுத்தச் சொல்வேன். முதல் மிதிக்குப் பெடல் கீழே போய் இரண்டாவது மிதிக்கு மேலே வருகிறது என்றால், பிரேக் ஷூ தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருக்கலாம், லைனில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கலாம். நான்கு ஆண்டுகள் நின்ற வண்டியில் மூன்றும் சேர்ந்தே இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்சிய ஈரம் வீல் சிலிண்டரை உள்ளே துருப்பிடிக்க வைக்கும். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான், ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கிலும் பிரேக் இருக்காது. கைப்பிரேக்கைப் பாருங்கள்: இந்த வகை ஜீப்புகளில் அது பின் சக்கரங்களில் இல்லாமல், முன், பின் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறம் ஒரு சிறு டிரம்மில் இருக்கும். கியர் ஆயில் கசிந்து அந்த டிரம்மில் இறங்கினால் கைப்பிரேக் நெம்புகோல் மேலே வரும், வண்டி மட்டும் நிற்காது.

சாலைக்கு ஆகாத வண்டி கொல்லைக்கு ஆகும் என்று நினைப்பவர்கள் பெயிண்ட், கண்ணாடி, விளக்கு, துரு ஆகியவற்றை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அவையெல்லாம் கொல்லைக்கு இல்லாமலும் போகலாம். பிரேக், ஸ்டியரிங், சக்கர போல்ட், பட்டா (சுமை தாங்கும் வில் தகடுகள்), டயர் ஆகிய ஐந்தும் சாலை வண்டியைவிடக் கொல்லை வண்டிக்குக் கூடுதலாக நன்றாக இருக்க வேண்டும். ஏனென்றால் கொல்லையில் மேடு இருக்கிறது, சுமை இருக்கிறது, வண்டிக்குப் பின்னாலேயே ஆட்கள் நடக்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்று வடிகட்டி எண்ணெய்க் குளியல் வகையாக இருந்தால், செம்மண் புழுதியில் ஓடும் நாட்களில் வாரம் ஒருமுறை கிண்ணத்தைக் கழுவி எண்ணெய் மாற்றுங்கள். புழுதி உள்ளே போனால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து நீலப்புகை வரும். டீசல் தொட்டியை முடிந்தவரை நிரப்பியே வையுங்கள், பாதி காலியாக நின்றால் உள்ளே ஈரம் கோத்துத் தண்ணீர் தேங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிடுங்கள். நிறுத்தியபின் பேட்டரி முனையைக் கழற்றுங்கள். எலி வயரைக் கடிக்கும், பானெட்டுக்குள் பாம்பு குளிர்காயும். கையை விடுமுன் ஒரு குச்சியால் தட்டுங்கள்.

7. ஆனேக்கல் தோட்டக்காரி

பட்டறை அண்ணா கைப்பிரேக்கைப் பற்றி எழுதியதைப் படித்தபின் இதை எழுதத் துணிந்தேன். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

ஆனேக்கல் பக்கம் எங்கள் அண்ணனுக்குப் பூந்தோட்டம் இருக்கிறது. ரோஜாவும் செண்டுமல்லியும் போடுகிறார்கள். தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்காக ஒரு பழைய வேனை மேற்கூரையை வெட்டி எடுத்துத் திறந்த வண்டியாக்கி வைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. ஒரு மாலை கிணற்று மேட்டில் கைப்பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, பின்பக்கமாக உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டைகள் இறங்க இறங்க வண்டி குலுங்கியதில் பிரேக் நழுவிவிட்டது. மூட்டையைத் தோளில் வாங்கத் திரும்பி நின்ற பெண், வண்டி வருவதைப் பார்க்கவே இல்லை. இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்தன. பதினோரு மாதங்கள் நடக்க முடியவில்லை. இன்றைக்கும் அவர் சாய்ந்துதான் நடக்கிறார்.

அண்ணன் மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்றார், கூலியையும் நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தலை குனிகிறது. "தோட்டத்துக்குள்தானே ஓடுகிறது, என்ன ஆகிவிடும்" என்று அந்த ஆறு ஆண்டுகளும் நாங்கள் அனைவரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அதைக் கொண்டுபோய் நிறுத்தும் முன், யார் அந்த வண்டிக்குப் பின்னால் நிற்கப்போகிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப்பாருங்கள்.

8. மல்பெரிக்காரன்

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுந்துபோய் டெம்போவைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்களிடம் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் பழக்கமே இல்லை. இன்று சாயங்காலம் தச்சரிடம் சொல்லிப் பிடி வைத்த நான்கு ஆப்புக்கட்டைகள் செய்யச் சொல்லியிருக்கிறேன். பதிவைப் பற்றி வழக்கறிஞர் ஐயா சொன்னதை என்னால் இன்னும் முழுவதும் ஏற்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான தோட்டங்களில் இப்படித்தான் வண்டிகள் ஓடுகின்றன, எந்த அதிகாரியும் தோட்டத்துக்குள் வந்து நம்பர் கேட்பதில்லை. ஆனால் பிரேக் விஷயத்தில் நான் பேசியது தவறு.

இன்னொன்று. பழைய எஞ்சின் ஆயிலைக் கீழே கொட்டிவிடாமல் வேலிக் கம்பங்களின் அடியில் தடவினால் கரையான் வராது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

9. ஹெப்பாள் மண்

வேளாண்மை படித்தவள், மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அண்ணா, தயவுசெய்து அந்த ஆயிலைக் கம்பங்களுக்குத் தடவாதீர்கள். எஞ்சினில் ஓடிக் கழித்த எண்ணெயில் உலோகத் துகள்களும் எரிந்த கழிவுகளும் சேர்ந்திருக்கும்; மழையில் அது கம்பத்தோடு நிற்காமல் மண்ணில் இறங்கும். கழிவு எண்ணெயை 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளே கட்டுப்படுத்துகின்றன. கிணற்றுக்கு மேலே மேட்டில் வண்டி நிறுத்தும் பழக்கம் நம் தோட்டங்களில் அதிகம், நிழல் அங்கேதான் இருக்கிறது. கசியும் ஜீப்பை நிறுத்துவதற்கு அது மிகவும் தவறான இடம். கிணற்றிலிருந்து விலகி, கீழ்ச்சரிவில் ஒரு சிமெண்டுத் தளம் போட்டு, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் அடியில் தகரத் தட்டு வையுங்கள். கழித்த எண்ணெயை மூடியுள்ள கேனில் சேர்த்து, எண்ணெய் மாற்றும் பட்டறை வழியாக அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே போய்ச்சேரும்படி கொடுங்கள். பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கொல்லையில் டீசல் சேமிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோலியச் சட்டப்படி இரண்டாம் வகையில் வரும் டீசலை, ஒரு கலத்தில் 1,000 லிட்டருக்கு மேற்படாமல், மொத்தம் 2,500 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம். ஒரு ஜீப்புக்கு இருபது லிட்டர்க் கேன் ஒன்றே போதும். பெட்ரோல் அப்படியல்ல, அதன் வரம்பு மிகவும் குறைவு. எதுவானாலும் வைக்கோற்போருக்கும் ஆட்கள் தூங்கும் அறைக்கும் தள்ளியே வையுங்கள்.

மழை பெய்த மறுநாள் ஜீப்பை விளைநிலத்துக்குள் இறக்காதீர்கள். ஈரச் செம்மண் சக்கரத்தடியில் இறுகிவிட்டால் அடுத்த பருவத்தில் அந்தத் தடத்தில் கேழ்வரகு குட்டையாக நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். வரப்போரமாக ஒரே தடத்தை வகுத்துக்கொண்டு அதிலேயே போய்வாருங்கள்.

10. அல்சூர் வழக்கறிஞர்

கனகபுரா அண்ணா, அதிகாரி யாரும் தோட்டத்துக்குள் வந்து கேட்பதில்லை என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. கேள்வி எழுவது ஆனேக்கல் தங்கை எழுதியது போன்ற ஒரு மாலையில்தான். அன்றைக்குக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் முதலில் கேட்கப்படுவது வண்டியின் காகிதங்கள்.

இதை ஒட்டிப் பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜீப்புக்குக் காப்பீடு எடுத்துவிட்டால் கொல்லைக்குள் அடிபடும் தொழிலாளிக்கும் அது போதும் என்று நினைக்கிறோம். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு, பிரிவு 147இன் வாசகப்படி, பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்துவதால் வரும் பொறுப்புக்கானது. பொது இடம் என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் பல வழக்குகளில் விரிவாகப் பொருள் கொண்டிருந்தாலும், வேலியிட்ட தனியார் கொல்லையில் காப்பீட்டு நிறுவனம் மறுப்பதற்கு இடமிருக்கிறது. உரிமையாளரின் பொறுப்பு அதனால் குறையாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே, டிராக்டர் முதலிய இயந்திர ஆற்றலால் இயங்கும் சாதனங்களைக் கொண்டு நடக்கும் வேளாண்மையில் பணிபுரிவோர் சேர்க்கப்பட்டிருந்தார்கள்; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்துவிட்டது. ஆகவே வண்டிக் காப்பீட்டோடு, அங்கே தங்கி வேலை செய்யும் குடும்பத்துக்காகத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஒன்றையும் எடுப்பது நல்லது.

அந்தக் குடும்பத்தில் வயதுவராத பையன் யாராவது இருக்கிறானா? ஜீப் ஓட்டும் ஆசை எல்லாப் பையன்களுக்கும் வரும். 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 199A, சிறுவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ வண்டி உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெறலாம் என்கிறது. வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். சாவியைச் சுவரில் தொங்கவிடாதீர்கள்.

11. பானஸ்வாடி பார்வையாளர்

எல்லோரும் வைத்துக்கொள்வதைப் பற்றியே பேசுகிறீர்கள், விட்டுவிடுவதைப் பற்றியும் ஒருவர் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு கடந்த இலகுரக வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். அதற்குமுன் பதினைந்து ஆண்டு கடந்த கார், ஜீப் எல்லாவற்றுக்கும் 5,000 ரூபாயாக இருந்தது. காலாவதியான தனியார் கார், ஜீப்புக்கு மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் சேரும். பசுமை வரி தனி. ஆய்வாளர் முன் நிறுத்துவதற்குத் தரைத்தகடு, விளக்கு, பிரேக் வேலைகள் அனைத்தும் முடிந்திருக்க வேண்டும். இவ்வளவும் ஐந்தாண்டுகளுக்குத்தான். அந்தப் பணத்தில் தேவைப்படும் நாளில் டிராக்டரை டிரெய்லரோடு வாடகைக்கு எடுத்தால் பல ஆண்டுகள் ஓடிவிடுமே?

விடுவதானால் எடைக்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள். அதைக் காட்டிப் புதிய தனியார் வண்டி வாங்கும்போது சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை அளிக்க மாநிலங்களுக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. தெருக்கோடிக் கடையில் கொடுத்துவிட்டால் பதிவு உங்கள் தந்தையார் பெயரில் உயிரோடு இருக்கும், சேசிஸ் எண் எந்த வண்டிக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

12. ஜே.சி. ரோடு பட்டறை

பானஸ்வாடி ஐயா சொல்லும் கணக்கு சரியானது. ஆண்டுக்குப் பத்து நாள்தான் வேலை என்றால் வாடகை டிராக்டரே நல்லது. ஆனால் அறுவடை நாட்களில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் டிராக்டர் வேண்டியிருக்கும், நமக்கு முறை வருவதற்குள் தக்காளி பழுத்துவிடும். வாரம் நான்கு நாள் சுமை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவெடுங்கள். வைத்துக்கொள்வதானால் பிரேக் வேலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர்க் குழாய்கள், ஷூ எல்லாமே புதிதாகப் போடுங்கள். இந்த வண்டிக்கு உதிரி இன்னும் எங்கள் தெருவிலேயே கிடைக்கிறது.

13. கோட்டைக்கொல்லை

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். உங்கள் பதிவுகள் அனைத்தையும் அச்செடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டுமுறை படித்தார். ஆனேக்கல் அக்கா எழுதியதை மட்டும் வேலை செய்யும் குடும்பத்தாரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக்காட்டினார்.

சுமைக்கணக்கு பார்த்தோம். கார்த்திகை முதல் மாசி வரை வாரம் ஐந்து நாள், மற்ற மாதங்களில் வாரம் இரண்டு நாள் வேலை இருக்கிறது. ஆகவே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். பதிவில்லாமல் கொல்லைக்குள் மட்டும் என்ற என் பழைய எண்ணத்தைக் கைவிட்டேன். அந்த இருநூறு மீட்டர் சாலைக்காக எப்படியும் காகிதம் வேண்டும். ஆய்வுக்காகச் செய்ய வேண்டிய பிரேக் வேலையோ, ஆய்வே இல்லாவிட்டாலும் அங்கே வேலை செய்பவர்களுக்காக நான் செய்தாக வேண்டியது. தங்கையிடமும் அம்மாவிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கிப் படிவம் 31 கொடுத்திருக்கிறேன். பெயர் மாறியதும் இங்கேயே பதிவைப் புதுப்பித்து, தடையில்லாச் சான்று வாங்கி, ஓசூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பெறுவோம். தொழிலாளர் காப்பீட்டுக்கும் விசாரித்துவிட்டேன்.

ஜீப் ஓட்டி வராமல், சமதட்டு வண்டியில் ஏற்றப்பட்டு நேற்றுப் பட்டறைக்குப் போயிருக்கிறது. டிரம்மைக் கழற்றியபோது இடப்பக்கப் பின்சக்கரத்தின் வீல் சிலிண்டர் முழுவதும் ஒழுகி, ஷூ எண்ணெயில் ஊறிக் கிடந்தது. கைப்பிரேக் டிரம்முக்குள்ளும் கியர் ஆயில்தான், பட்டறை அண்ணா எழுதியபடியே. போன மாதம் நான் அதை வீட்டுச் சரிவில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். என் மகள் பின்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் சிமெண்டுத் தளம் போட்டாயிற்று. ஆப்புக்கட்டைகள் வேலமரத்தில் செய்யச் சொல்லியிருக்கிறோம். சாவி சித்தப்பாவின் இடுப்பில் இருக்கும்.

14. மல்பெரிக்காரன்

எங்கள் கட்டைகளும் வந்துவிட்டன, தம்பி. டெம்போவின் பதிவுச் சான்றைப் பெட்டிக்குள் தேடியெடுத்தோம். அது இன்னும் எங்கள் மாமனார் பெயரில் இருக்கிறது. வழக்கறிஞர் ஐயா, படிவம் 31க்கு இறப்புச் சான்றோடு வேறு என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?